ஸ்கேன் ரிப்போர்ட் முழுக்க மெமரி சிவிஇ: அப்பாச்சி, என்ஜின்எக்ஸில் எதை உண்மையிலேயே அடைக்க வேண்டும்?

#1 மடிவாளா_பஸ்_ஸ்டாப்

வணக்கம் மக்களே. க்ளையன்ட் வைத்திருக்கும் ஆடிட்டர் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறார். சர்வர்கள் எல்லாம் உபுண்டு 22.04. முன்னால் என்ஜின்எக்ஸ் 1.18.0, சில ஆப்களுக்குப் பின்னால் அப்பாச்சி 2.4.52, மற்றதற்கு பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பி கோடை ஓட்டும் தனி ப்ராசஸ்). சிவப்பில் இருப்பதில் பாதிக்கு மேல் மெமரிப் பிழை சம்பந்தப்பட்ட சிவிஇ-கள் (பொதுவில் பதிவான பாதுகாப்பு ஓட்டைகளின் எண்கள்): சிவிஇ-2021-23017, 2022-41741, 2022-41742, 2022-23943, 2006-20001, இன்னும் சில. எல்லாவற்றுக்கும் தீர்வு என்று ஒரே வரிதான்: "லேட்டஸ்ட் வெர்ஷனுக்கு மாறவும்."

ஒரு வாரத்தில் மூடச் சொல்கிறார்கள். ஓஎஸ் அப்கிரேடுக்கு இப்போது வழியில்லை. இதில் எது நிஜமாகவே ஆபத்து, எது வெறும் எண் என்று எப்படிப் பிரிப்பது?

#2 நடுநிசி_டெப்லாய்

சர்வர் டோக்கன்ஸை ஆஃப் பண்ணி பேனரை, அதாவது ஹெடரில் வெளியே தெரியும் வெர்ஷன் எண்ணை, மறைத்துவிடுங்க ப்ரோ. அடுத்த ஸ்கேனில் பாதி காணாமல் போய்விடும். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி 😀

#3 அல்சூர்க்காரர்

பேனரை மறைத்தால் ஸ்கேனருக்குத்தான் கண் தெரியாது, ஓட்டை அப்படியே இருக்கும். அந்த வழிக்குப் போக வேண்டாம்.

தம்பி, முதலில் ஒன்று. அந்த ஸ்கேனர் உங்கள் சர்வரில் எதையும் தாக்கிப் பார்க்கவில்லை. ஹெடரில் வந்த 1.18.0 என்ற எண்ணைப் பார்த்து, அதற்குப் பிறகு வெளியான சிவிஇ அத்தனையையும் கொட்டியிருக்கிறது. டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் மூன்றுமே ஸ்டேபிள் ரிலீஸில் மேல் வெர்ஷனை ஏற்றுவதில்லை. பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய கோடுக்குள் பேக்போர்ட் செய்கிறார்கள். அதனால் 1.18.0 என்ற தலையைப் பார்த்துப் பயனில்லை, வாலைப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, உபுண்டு 20.04-இல் 2021-23017-க்கான திருத்தம் 1.18.0-0உபுண்டு1.2 என்ற பேக்கேஜில் வந்தது. பேனரில் அந்த வால் தெரியவே தெரியாது.

செய்ய வேண்டியது:

பேக்கேஜின் சேஞ்ச்லாக்கை எடுங்கள். உபுண்டுவில் டிஸ்கில் இருக்கும் சேஞ்ச்லாக் வெட்டப்பட்டு, கடைசி சில பதிவுகள் மட்டுமே இருக்கும். ஆப்ட் சேஞ்ச்லாக் கட்டளை நெட்டிலிருந்து முழுசாக இழுக்கும். ரெட் ஹேட் பக்கம் என்றால் ஆர்பிஎம்-இன் க்யூ ஆப்ஷனோடு சேஞ்ச்லாக் என்று கேட்டால் போதும். அதில் சிவிஇ எண்ணைத் தேடுங்கள். இருந்தால் அந்த வரியை வெட்டி ரிப்போர்ட்டுக்குப் பதிலாக வைத்துவிடுங்கள். இல்லாதவற்றுக்கு உபுண்டு செக்யூரிட்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால், எந்த ரிலீஸுக்கு எந்த பேக்கேஜ் என்று அட்டவணையே கிடைக்கும்.

அதன் பிறகு மிஞ்சுவதற்கு மட்டும் அடுத்த கேள்வி: அந்த கோடு உங்கள் கான்ஃபிகில் ஓடுகிறதா?

2022-41741, 41742 இரண்டும் எம்பி4 மாட்யூல். பேக்கேஜில் அது கம்பைல் ஆகி வந்திருந்தாலும், ஏதாவது ஒரு லொக்கேஷனில் எம்பி4 டைரக்டிவ் போட்டால்தான் வேலை செய்யும். அதுவும், தாக்குகிறவன் தயார் செய்த எம்பி4 ஃபைலை அந்த மாட்யூல் திறக்க வேண்டும். யூசர் அப்லோட் செய்யும் வீடியோவை அப்படியே அந்த லொக்கேஷனிலிருந்து கொடுக்கும் தளம் என்றால் அவசரம். இல்லையென்றால் இல்லை.

2022-23943 அப்பாச்சியின் மாட்-செட். ஹீப்பில் (ஓடும்போது கேட்டு எடுக்கும் மெமரி) எல்லை தாண்டி எழுதும் பிழை, 2.4.53-இல் சரி செய்தார்கள். மாட்-செட் வைத்திருப்பவர் அபூர்வம். 2006-20001 மாட்-டேவ்: இஃப் ஹெடரைக் கோணலாக அனுப்பினால் எல்லைக்கு வெளியே ஒரே ஒரு சுழிய பைட் படிக்கப்படும் அல்லது எழுதப்படும். எண்ணில் 2006 இருந்தாலும் திருத்தம் வந்தது 2023 ஜனவரியில், 2.4.55-இல். ஆண்டைப் பார்த்து இது பழசு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அப்பாச்சிக்குப் பெரிய எம் ஆப்ஷன் கொடுத்தால் லோடான மாட்யூல் பட்டியல் வரும். என்ஜின்எக்ஸுக்குப் பெரிய வி கொடுத்தால் கம்பைல் ஆனவை, பெரிய டி கொடுத்தால் இன்க்ளூட் ஃபைல்கள் எல்லாம் விரிந்த முழு கான்ஃபிக். கான்ஃபிக் ஃபைலை நேராகத் திறந்து தேடாதீர்கள். எந்த மூலையில் எந்த இன்க்ளூட் உட்கார்ந்திருக்கிறதென்று யாருக்கும் நினைவிருக்காது. தேவையில்லாத மாட்யூலை ஏ2டிஸ்மாட் போட்டு அணைத்துவிடுங்கள். அடுத்த வருஷம் அதில் என்ன ஓட்டை வந்தாலும் உங்களைத் தொடாது.

#4 மடிவாளா_பஸ்_ஸ்டாப்

நன்றி அண்ணே. மாட்-செட், மாட்-டேவ் இரண்டும் லோடாகவே இல்லை. எம்பி4 டைரக்டிவும் இல்லை. ஆனால் 2021-23017-க்கு ரிசால்வர் டைரக்டிவ் (எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று சொல்லும் வரி) இருந்தால் பாதிப்பு என்று போட்டிருக்கிறது. முழு கான்ஃபிகில் தேடினால் ஓசிஎஸ்பி ஸ்டேப்ளிங்குக்காக (டிஎல்எஸ் சான்றிதழ் இன்னும் செல்லும் என்ற தகவலைச் சேர்த்து அனுப்புவது) ஒரு ரிசால்வர் வரி இருக்கிறது, 8.8.8.8. இது கணக்கில் வருமா?

#5 கோர்டம்ப்_கோமதி

வரும். எதற்காகப் போட்டீர்கள் என்பது அந்த கோடுக்குத் தெரியாது. டிஎன்எஸ் பதிலை என்ஜின்எக்ஸே பிரித்துப் படிக்கிறதா என்பதுதான் விஷயம். ப்ராக்சி-பாஸில் வேரியபிள் வைத்து ஹோஸ்ட் பெயர் கொடுப்பவர்களும் இதே வகையில் வருவார்கள்.

பிழை சின்னது. டிஎன்எஸ் பதிலில் பெயர்கள் சுருக்கப்பட்டு வரும், மீதிப் பகுதிக்கு ஒரு பாயின்டர் இருக்கும். முதல் சுற்றில் பெயரின் நீளத்தை எண்ணி அந்த அளவுக்கு ஹீப்பில் இடம் எடுக்கிறார்கள், இரண்டாம் சுற்றில் நகல் எடுக்கிறார்கள். கடைசிப் பாயின்டர் நேராகச் சுழிய பைட்டைக் காட்டினால், நகல் எடுக்கும் சுற்று ஒரு புள்ளியைக் கூடுதலாக எழுதிவிடும். எண்ணும் சுற்றில் அந்தப் புள்ளிக்கு இடம் இல்லை. எல்லைக்கு வெளியே ஒரு பைட், அதன் மதிப்பு எப்போதும் 0x2இ. ஒரு பைட்தானே என்று விட முடியாது. ஹீப்பில் அடுத்து இருப்பது பக்கத்துத் துண்டின் அளவுத் தகவலாக இருந்தால் அலொக்கேட்டரின் கணக்கே குழம்பிவிடும்.

0.6.18 முதல் 1.20.0 வரை எல்லாவற்றிலும் இருந்தது, 2021 மே மாதம் 1.20.1-இல் சரியானது. தாக்குகிறவன் உங்கள் டிஎன்எஸ் சர்வரிடமிருந்து வந்தது போல யுடிபி பாக்கெட்டைப் போலியாக அனுப்ப வேண்டும். 8.8.8.8-க்கு இன்டர்நெட் வழியாகப் போவதை விட்டுவிட்டு அதே மெஷினில் இருக்கும் லோக்கல் ரிசால்வரைக் காட்டினால் வெளியிலிருந்து அந்தப் போலியை நுழைப்பது நடக்காத காரியம். பேட்ச் ஏறியிருந்தாலும் இந்த மாற்றத்தைச் செய்யுங்கள், செலவில்லாத வேலை.

#6 ரஸ்ட்_கோட்டை

இவ்வளவு தோண்டித் துருவுவதற்கு ஒரே காரணம் சி மொழி. மைக்ரோசாஃப்ட் தன் சிவிஇ-களில் சுமார் 70 சதவீதம் மெமரி பாதுகாப்புப் பிழை என்று 2019-இல் சொன்னது. குரோமிலும் தீவிரமான பிழைகளில் கிட்டத்தட்ட அதே 70. கிளவுட்ஃப்ளேர் என்ஜின்எக்ஸை விட்டுவிட்டு மெமரி எல்லையைத் தானே காக்கும் ரஸ்ட் மொழியில் பிங்கோரா என்ற ப்ராக்சியை எழுதியது, 2024-இல் ஓப்பன் சோர்ஸும் ஆக்கியது. முன்னால் நிற்கும் ப்ராக்சியை மாற்றுங்கள், இந்த ரிப்போர்ட்டே வராது.

#7 அல்சூர்க்காரர்

ரிப்போர்ட் வரும், வேறு எண்ணோடு வரும். 2023 அக்டோபரில் வந்த எச்டிடிபி/2 ரேபிட் ரீசெட், சிவிஇ-2023-44487, கோ மொழியின் நெட்-எச்டிடிபியையும் சேர்த்து அடித்தது. அப்பாச்சி 2.4.49-இல் வந்த 2021-41773 வெறும் பாத் ட்ராவர்சல், மெமரிக்கும் அதற்கும் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் உள்ள சம்பந்தம்தான். 2.4.50-இல் அரைகுறையாக அடைத்து, 2.4.51-இல்தான் முழுசாக அடைத்தார்கள். அதை எந்த மொழியில் எழுதியிருந்தாலும் அதே தப்பைச் செய்திருக்கலாம்.

#8 ரஸ்ட்_கோட்டை

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் விளைவை ஒப்பிடுங்கள் அண்ணே. ரேபிட் ரீசெட்டில் சர்வர் மூச்சுத் திணறும். ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் வந்த ஹார்ட்ப்ளீட் பிழையில் பிரைவேட் கீயே போனது. கேடி போன்ற கோ சர்வர்கள் டிஎல்எஸ்ஸுக்கு ஓபன்எஸ்எஸ்எல்லைத் தொடுவதே இல்லை என்பதால் ஹார்ட்ப்ளீட் வகைப் பிழைக்கு அங்கே இடமில்லை. ஒரு வகைப் பிழை முழுசாகப் போகிறது என்றால் அது சின்ன லாபம் இல்லை.

#9 கோர்டம்ப்_கோமதி

இதில் ரஸ்ட்_கோட்டை பக்கம் நியாயம் அதிகம். புதிதாகக் கட்டுகிறவர்கள் முதல் தேர்வாக கோ, ரஸ்ட் சர்வர்களைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு வாரக் கெடுவில் ப்ராக்சியை மாற்றச் சொல்வது மடிவாளாவுக்கு உதவாது. பின்னால் பிஎச்பி சியில்தான் இருக்கிறது.

எவ்வளவு சின்ன இடத்தில் தப்பு நடக்கிறது என்று காட்ட எனக்குப் பிடித்த உதாரணம் சிவிஇ-2013-2028. என்ஜின்எக்ஸ் 1.3.9-இல்தான் சங்க்ட் (துண்டு துண்டாக வரும்) ரிக்வெஸ்ட் பாடியைப் படிக்கும் வசதி வந்தது, அதோடு இந்தப் பிழையும். 1.4.0 வரை இருந்தது. 2013 மே 7-இல் 1.4.1-இல் அடைத்தார்கள்.

சங்க்கின் அளவு ஹெக்ஸ் எண்ணாக வரும். ஒவ்வொரு இலக்கத்துக்கும் பழைய மதிப்பை 16-ஆல் பெருக்கிப் புதிய இலக்கத்தைக் கூட்டுகிறார்கள். சேர்த்து வைக்கும் இடம் ஆஃப்-டி வகை, அதாவது குறியுள்ள 64 பிட் எண். உச்ச பிட் ஏறும்படி பதினாறு இலக்கம் அனுப்பினால் அது நெகட்டிவ் ஆகிவிடும். அடுத்து, தேவையில்லாத பாடியைப் படித்துத் தூக்கிப்போடும் ஃபங்ஷனில் ஸ்டேக்கில் (ஃபங்ஷனின் தற்காலிக மெமரி) 4096 பைட் பஃபர் ஒன்று. எவ்வளவு படிப்பது? மீதி நீளம், 4096, இரண்டில் சிறியது. மேலோட்டமாகப் பார்த்தால் பத்திரமான வரிதான், 4096-க்கு மேல் போகவே முடியாது என்று தோன்றும். ஆனால் நெகட்டிவ் எண் 4096-ஐ விடச் சிறியது. அதுவே தேர்வாகி, குறியற்ற சைஸ்-டி ஆக மாறும்போது பிரம்மாண்டமான எண் ஆகிவிடுகிறது. ரிசீவ் கால் அந்த அளவுக்கு ஸ்டேக்கில் எழுதத் தயார். லாகின் தேவையில்லை, மாட்யூல் தேவையில்லை, டிஃபால்ட் கான்ஃபிகே போதும்.

திருத்தம்? எண் நெகட்டிவ் ஆனால் தப்பான ரிக்வெஸ்ட் என்று வெளியேறும் ஒரு இஃப்.

இதே குடும்பத்தில்தான் 2017-7529-உம் வருகிறது. ரேஞ்ச் ஹெடரில் வரும் எண்களைக் கூட்டும்போது ஓவர்ஃப்ளோ ஆகி, கேஷ் ஃபைலின் தலைப்பகுதி வெளியே கசிந்தது. அதில் பின்னால் இருக்கும் சர்வரின் ஐபி போன்றவை இருக்கலாம். அப்டேட் செய்ய முடியாதவர்களுக்கு மேக்ஸ் ரேஞ்சஸ் 1 என்று வைப்பதே தற்காலிக வழியாகச் சொல்லப்பட்டது. ஐஐஎஸ் பக்கம் 2015-1635-இலும் அதே ரேஞ்ச் ஹெடர்தான்; மேல் எல்லையாக 18446744073709551615 அனுப்பினால் விண்டோஸ் கெர்னலே விழுந்தது. நீளத்தை எதிராளி சொல்ல, நாம் கூட்டிக் கழிக்கும் இடமெல்லாம் சந்தேகத்துக்குரியது.

#10 நடுநிசி_டெப்லாய்

ஸ்டேக் கேனரி, ஏஎஸ்எல்ஆர் எல்லாம் இருக்கும்போது அந்த 2013 பிழையை வைத்து உள்ளே வர முடியுமா அக்கா? க்ராஷ் ஆகும், அவ்வளவுதானே?

#11 கோர்டம்ப்_கோமதி

அந்த நம்பிக்கையை உடைக்கத்தான் ஸ்டான்ஃபோர்டு ஆட்கள் 2014-இல் இதே 1.4.0-ஐ எடுத்தார்கள். அந்தத் தாக்குதலுக்கு ப்ளைண்ட் ஆர்ஓபி என்று பெயர்.

கேனரி என்பது ரிட்டர்ன் முகவரிக்கு முன்னால் காவலுக்கு வைக்கும் ரகசிய எண், 64 பிட்டில் 8 பைட். அதில் ஒரு பைட் எப்போதும் சுழியம், மீதி 7. மொத்தமாக ஊகிக்க 2-இன் 56-ஆம் அடுக்கு வாய்ப்புகள், நடக்காது. ஆனால் என்ஜின்எக்ஸில் மாஸ்டர் ப்ராசஸ் ஃபோர்க் செய்துதான், அதாவது தன்னையே நகலெடுத்துத்தான், ஒர்க்கரை உண்டாக்குகிறது. ஒர்க்கர் செத்தால் அடுத்த நொடியே இன்னொன்றை ஃபோர்க் செய்யும். ஃபோர்க்கில் கேனரியும் மாறாது, ஏஎஸ்எல்ஆர் கலைத்துப்போட்ட மெமரி முகவரிகளும் மாறாது. எக்ஸெக் நடந்தால்தான், அதாவது புரோகிராமைப் புதிதாக ஏற்றினால்தான், மாறும். எனவே ஓவர்ஃப்ளோவை ஒரே ஒரு பைட் நீட்டி ஒரு மதிப்பை ஊகிக்கலாம். தப்பென்றால் கனெக்‌ஷன் அறுந்துவிடும், சரியென்றால் அறாது. ஒரு பைட்டுக்கு அதிகபட்சம் 256 முயற்சி, 7 பைட்டுக்கு 1792. அதன் பிறகு ரிட்டர்ன் முகவரியையும் அதே பாணியில்.

க்ராஷ் ஆனாலும் தானே எழுந்துகொள்கிறது என்று நாம் பெருமைப்படும் வசதியே அங்கே அவனுக்கு வழிவிட்டது.

அதனால் எதைக் கண்காணிக்க வேண்டும் என்பது தெளிவு. என்ஜின்எக்ஸ் எரர் லாகில் "ஒர்க்கர் ப்ராசஸ் எக்ஸிடட் ஆன் சிக்னல் 11" என்று அலர்ட் லெவலில் வரும்; தொடக் கூடாத மெமரியைத் தொட்டு விழுந்தது என்று பொருள். ஸ்டேக் கேனரி உடைந்தாலோ, ஜிலிப்சி ஹீப் குழப்பத்தைக் கண்டுபிடித்தாலோ சிக்னல் 6. இரண்டையும் தேடுங்கள். இந்த வரி சர்வர் பிளாக்கில் தனியாக வைத்த எரர் லாகில் விழாது, வெளியே மெயின் நிலையில் இருக்கும் எரர் லாகில்தான் விழும். டொமைனுக்கு ஒரு லாக் என்று பிரித்துவிட்டு அவற்றை மட்டும் டாஷ்போர்டில் ஏற்றியவர்கள் இதைப் பார்க்கவே மாட்டார்கள். அப்பாச்சியில் ஏஎச்00052 என்ற எண்ணோடு, சைல்ட் பிஐடி எக்ஸிட் சிக்னல் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று வரும்.

ஒரு நாளைக்கு ஒன்று வந்தால் பெரும்பாலும் ஏதோ தேர்ட் பார்ட்டி மாட்யூலின் பிழை. நிமிஷத்துக்கு நூறு வந்தால் யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#12 பானஸ்வாடி_ரேக்

ஷேர்டு ஹோஸ்டிங் நடத்துகிறவர்களுக்கு இரண்டு சேர்க்கிறேன். இங்கே "ரிமோட்டாகத் தாக்க முடியாது" என்ற வாசகத்தை நம்பி விட்டுவிடக் கூடாது. நம் வாடிக்கையாளரே உள்ளே கோடு ஓட்டுகிறார்.

சிவிஇ-2019-0211. அப்பாச்சி 2.4.17 முதல் 2.4.38 வரை, 2.4.39-இல் அடைத்தார்கள். சைல்ட் ப்ராசஸ்கள் தங்கள் நிலையை ஸ்கோர்போர்டு என்ற பகிர்ந்த மெமரியில் எழுதும். சைல்டுக்குள் கோடு ஓட்ட முடிந்தவர், மாட்-பிஎச்பி வழியாக என்று வையுங்கள், அங்கே ஒரு இன்டெக்ஸைக் கெடுத்து வைக்கலாம். கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் நடக்கும்போது ரூட்டாக ஓடும் பேரன்ட் அந்த இன்டெக்ஸை எல்லை பார்க்காமல் நம்பும். அவ்வளவுதான், ரூட். கிரேஸ்ஃபுல் எப்போது நடக்கும் என்று காத்திருக்க வேண்டியதே இல்லை: டெபியன் குடும்பத்தில் லாக்ரொட்டேட் தினமும் காலை 6:25-க்கு அதைச் செய்துவந்தது. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா வைத்திருக்கும் நிஜத் தாக்குதல் பட்டியலில் இந்த எண் இருக்கிறது. ஸ்கோர் எவ்வளவு என்பதை விட அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது எனக்கு உபயோகமாக இருக்கிறது.

இரண்டாவது ஆப்ஷன்ஸ்ப்ளீட், 2017-9798. எச்டிஆக்சஸ் ஃபைலில் லிமிட் டைரக்டிவுக்குள் அப்பாச்சிக்குத் தெரியாத மெதட் பெயரை எழுதி வைத்தால், ஃப்ரீ ஆன மெமரியை அலோ ஹெடரில் கொட்டும். ஒரு வாடிக்கையாளர் எழுத்துப்பிழையாக எழுதினாலே போதும், பக்கத்து வாடிக்கையாளரின் டேட்டா துணுக்குத் துணுக்காக வெளியே போகும். 2.4.28-இல் சரியானது.

பழைய மெஷினில் பிஎச்பி 7.1, 7.2, 7.3 இன்னும் ஓடுகிறவர்கள் 2019-11043-ஐயும் பாருங்கள். என்ஜின்எக்ஸில் ஃபாஸ்ட்சிஜிஐ ஸ்ப்ளிட் பாத் இன்ஃபோ ரெகெக்ஸ் இருந்து, யூஆர்எல்லில் %0ஏ என்று ஒரு வரி முறிவு வந்தால் ரெகெக்ஸ் பொருந்தாமல் போகும், பாத் இன்ஃபோ காலியாகும், எஃப்பிஎம் ஒரு பாயின்டரைப் பின்னுக்குத் தள்ளி பஃபருக்கு முன்னால் போய் எழுதும். திருத்தங்கள் 7.1.33, 7.2.24, 7.3.11. உடனே ஏற்ற முடியாவிட்டால் அந்த லொக்கேஷனில் ட்ரை-ஃபைல்ஸ் யுஆர்ஐ, இல்லாவிட்டால் 404 என்று போடுங்கள். இல்லாத ஸ்கிரிப்ட் பெயர் எஃப்பிஎம் வரைக்கும் போகாது. ஆனால் எஃப்பிஎம் வேறு மெஷினில் இருந்தால், அந்த ஃபைல்கள் என்ஜின்எக்ஸ் பக்கம் இல்லாததால் தளமே 404 ஆகிவிடும். கவனம்.

#13 ரஸ்ட்_கோட்டை

சிவிஇ எண்ணே இல்லாததை ஸ்கேனர் எப்படிக் காட்டும்? லைட்டிடிபிடி என்ற வெப் சர்வரின் 1.4.51-இல் 2018 ஆகஸ்டில் ஒரு எல்லை தாண்டிப் படிக்கும் பிழையைச் சத்தமில்லாமல் திருத்தினார்கள், எண் வாங்கவில்லை. 2024-இல் பைனார்லி என்ற பாதுகாப்பு நிறுவனம் பார்த்தபோது இன்டெல், லெனோவோ சர்வர்களின் பிஎம்சி (மெஷினைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் தனிச் சிப்) ஃபர்ம்வேரில் பழைய லைட்டிடிபிடி அப்படியே இருந்தது.

#14 பானஸ்வாடி_ரேக்

ஆமாம், ரேக்கில் இருக்கும் மெஷினுக்குள் இன்னொரு வெப் சர்வர் இருக்கிறது என்பதே பலருக்கு நினைவில் இல்லை. பிஎம்சி போர்ட்டைத் தனி விஎல்ஏஎன்-இல் போட்டு விபிஎன் வழியாக மட்டும் திறங்கள். ஃபர்ம்வேர் அப்டேட் வருகிறதோ இல்லையோ, இதைச் செய்யலாம்.

#15 அல்சூர்க்காரர்

இதற்கு நேர் எதிரும் நடந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் என்ஜின்எக்ஸின் எச்டிடிபி/3 கோடில் இரண்டு பிழைகள், 24989, 24990. அது இன்னும் பரிசோதனை நிலையில் இருக்கும் வசதி, அதற்கு சிவிஇ எண் கொடுக்கத் தேவையில்லை என்பது என்ஜின்எக்ஸின் முக்கிய டெவலப்பரான மாக்ஸிம் தூனினின் கட்சி. என்ஜின்எக்ஸை வைத்திருக்கும் எஃப்5 நிறுவனம் எண் கொடுத்தது. அவர் வெளியேறி ஃப்ரீஎன்ஜின்எக்ஸ் தொடங்கினார். எண் இருக்கிறதா இல்லையா என்பதில் இவ்வளவு மனிதர்கள் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கிறது.

மடிவாளா தம்பிக்கு இதில் பாடம் வேறு. ஸ்கேனரைத் திருப்திப்படுத்த புது வசதிகள் முதலில் வரும் மெயின்லைன் ரிப்போசிட்டரிக்குத் தாவினால், 1.18-இல் இல்லவே இல்லாத கோடெல்லாம் கூட வரும். தாவுவதாக இருந்தால் லிசன் வரியில் க்விக் (எச்டிடிபி/3-ஐத் திறக்கும் சொல்) இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள், அப்போது இந்த வகைப் பிழைகள் உங்களைத் தொடாது. அதோடு பேக்போர்ட் வேலையை உபுண்டு செய்துவந்தது போய், ஒவ்வொரு ரிலீஸையும் நீங்களே பின்தொடர வேண்டியிருக்கும்.

#16 மடிவாளா_பஸ்_ஸ்டாப்

கோமதி அக்கா சொன்னதைத் தேடினேன். ஒரு சர்வரில் மட்டும் சிக்னல் 11 வரிகள் இருக்கின்றன, வாரத்தில் சில. அந்த சர்வரில் மட்டும்தான் ஆபீஸிலேயே எழுதிய ஒரு சி மாட்யூல், ஹெடரைத் திருத்துவதற்கு. அதுதானா என்று எப்படி உறுதி செய்வது?

#17 கோர்டம்ப்_கோமதி

அதற்கே வாய்ப்பு அதிகம். சொந்த மாட்யூலை எந்த ஸ்கேனரும் பார்க்காது என்பதால் உங்கள் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான் கொடுப்பேன். 2017-இன் க்ளவுட்ப்ளீட் என்ஜின்எக்ஸின் சொந்தக் கோடில் வந்ததில்லை. கிளவுட்ஃப்ளேர் அதன் மேல் எழுதிய எச்டிஎம்எல் பார்சரில் வந்தது. பஃபர் முடிந்ததா என்று பார்க்கும் இடத்தில் 'சமமா' என்று கேட்டார்கள், 'சமமா அல்லது தாண்டிவிட்டதா' என்று கேட்கவில்லை. பாயின்டர் ஒரு தடவை எல்லையைத் தாண்டிக் குதித்ததும் அந்தச் சோதனை பலிக்கவே இல்லை. அடுத்தவர் குக்கீயெல்லாம் சர்ச் எஞ்சின் கேஷ் வரை போனது.

கோர் டம்ப், அதாவது விழுந்த நொடியின் மெமரி நகல், எடுங்கள். ஒர்க்கர் ஆர்லிமிட் கோரை 500 எம் ஆக வையுங்கள், ஒர்க்கிங் டைரக்டரியாக டபிள்யுடபிள்யுடபிள்யு-டேட்டா யூசர் எழுதக்கூடிய ஃபோல்டரைக் கொடுங்கள். உபுண்டுவில் கோர் பேட்டர்ன் ஆப்போர்ட் பக்கம் திரும்பியிருக்கும், அதைப் பாருங்கள். டீபக் சிம்பல் பேக்கேஜைப் போட்டு ஜிடிபி டீபக்கரில் பேக்ட்ரேஸ் (எந்தெந்த ஃபங்ஷன் வழியாக விழுந்தது என்ற பட்டியல்) எடுத்தால் உங்கள் மாட்யூல் பெயர் வருகிறதா என்று தெரிந்துவிடும்.

கோர் ஃபைலில் டிஎல்எஸ் பிரைவேட் கீ, யூசர் செஷன் எல்லாம் அப்படியே இருக்கும். ஒர்க்கருக்குள் கீ இருப்பது சகஜம். அதை ஸ்லாக்கில் தூக்கிப் போடாதீர்கள், வெண்டாருக்கு மெயில் செய்யாதீர்கள். அதே மெஷினில் பேக்ட்ரேஸ் எடுத்துவிட்டு அழித்துவிடுங்கள்.

பேக்ட்ரேஸ் சம்பந்தமில்லாத இடத்தைக் காட்டினால், அதாவது என்ஜின்எக்ஸின் சொந்த ஃபங்ஷனுக்குள், எங்கோ முன்னால் கெட்டது இங்கே வெடித்திருக்கிறது. அப்போது டெஸ்ட் மெஷினில், எல்லை தாண்டலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்து அதே ட்ராஃபிக்கை ஓட்டுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுவார்கள்: சானிடைசர் ஒன்றும் சொல்லாது. என்ஜின்எக்ஸ் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஒரு பூல் எடுக்கிறது, டிஃபால்ட் 4 கேபி. சின்னச் சின்ன அலொக்கேஷன் எல்லாம் அதே துண்டுக்குள் அடுத்தடுத்து உட்காரும். 40 பைட் கேட்டுவிட்டு 60 எழுதினால் பக்கத்து வேரியபிள் நாசமாகும், ஆனால் சானிடைசர் பார்வையில் அது 4 கேபிக்குள்ளேயே இருக்கிறது. என்ஜிஎக்ஸ் டீபக் பிஅலொக் என்ற மேக்ரோவை 1 என்று டிஃபைன் செய்து கம்பைல் செய்தால் ஒவ்வொரு அலொக்கேஷனும் தனித்தனி மேலொக் ஆகும், அப்போது முதல் தாண்டலிலேயே கத்தும். அப்பாச்சியில் இதற்கு ஏபிஆர்-ஐ பூல் டீபக் எனேபிளோடு கம்பைல் செய்ய வேண்டும்.

#18 நடுநிசி_டெப்லாய்

சைபர் சம்பவத்தை செர்ட்-இன் என்ற இந்திய அரசு அமைப்புக்குத் தெரிவிக்கும் 6 மணி நேரக் கணக்கு இதற்கும் உண்டா? சிக்னல் 11 வந்தாலே ரிப்போர்ட் பண்ண வேண்டுமா?

#19 அல்சூர்க்காரர்

2022 ஏப்ரல் 28 உத்தரவு சம்பவங்களுக்கு. அதைக் கவனித்ததிலிருந்து 6 மணி நேரம். மாட்யூல் பிழையில் ஒர்க்கர் விழுவது சம்பவம் இல்லை. யாரோ திட்டமிட்டு விழவைக்கிறார்கள் என்று லாகில் தெரிந்தால் அது சம்பவம். அந்த முடிவை எடுக்க உங்கள் கம்பெனியில் ஒருவர் நியமிக்கப்பட்டிருப்பார், அவரிடம் போங்கள். அதே உத்தரவில் லாக்கை 180 நாள் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறது. லாக்ரொட்டேட் டிஃபால்ட் அவ்வளவு வைக்காது, போய்ப் பாருங்கள்.

ஆடிட்டருக்குப் பதில் எழுதும்போது வளவளவென்று விளக்க வேண்டாம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி: பேக்கேஜின் முழு எண், சேஞ்ச்லாக் வரி, அல்லது மாட்யூல் லோடாகவில்லை என்பதற்கான கட்டளை வெளியீடு. முடிந்தால் லாகின் கொடுத்து ஆத்தென்டிகேட்டட் ஸ்கேன் ஓட்டச் சொல்லுங்கள். அப்போது ஸ்கேனர் பேனரை விட்டுவிட்டு பேக்கேஜ் டேட்டாபேஸைப் பார்க்கும், பாதி தானே உதிரும்.

#20 மடிவாளா_பஸ்_ஸ்டாப்

பேக்ட்ரேஸ் எடுத்தாச்சு, எங்கள் மாட்யூலேதான். ஹெடர் மதிப்பின் முடிவில் சுழியம் இருக்கும் என்று நம்பி ஸ்ட்ரிங் காப்பி செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று: ஓபன்எஸ்எஸ்எல் அப்டேட்டும் பாக்கி இருந்தது, ஏற்றிவிட்டு என்ஜின்எக்ஸை ரீலோடு செய்துவிட்டேன். அது போதும்தானே? ரீஸ்டார்ட் என்றால் மெயின்டனன்ஸ் விண்டோ கேட்க வேண்டும்.

#21 கோர்டம்ப்_கோமதி

மாட்யூல் பற்றி: என்ஜின்எக்ஸ் ஸ்ட்ரிங் வகையில் நீளமும் பாயின்டரும்தான் உண்டு, முடிவில் சுழியம் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஸ்ட்ர்லென், ஸ்ட்ர்காப்பி, எஸ்பிரின்ட்எஃப் என்று அந்த மாட்யூல் முழுக்கத் தேடுங்கள், ஒன்று இருந்தால் இன்னும் இருக்கும்.

ரீலோடு போதாது. ரீலோடு அனுப்பும் எச்யுபி சிக்னலில் மாஸ்டர் ப்ராசஸ் சாகாது, கான்ஃபிகை மட்டும் திரும்பப் படித்துப் புது ஒர்க்கர்களை ஃபோர்க் செய்யும். மாஸ்டர் தொடங்கியபோது மெமரியில் ஏறிய பழைய லிப்எஸ்எஸ்எல்தான் அந்த ஒர்க்கர்களிலும் இருக்கும். டிஸ்கில் புதுசு, மெமரியில் பழசு. ஹார்ட்ப்ளீட் சமயத்திலும் 1.0.1ஜி ஏற்றியாகிவிட்டது என்று இருந்தவர்களை ஓட்டைக்குள்ளேயே வைத்தது இதுதான்.

ப்ராக் ஃபோல்டருக்குள் மாஸ்டரின் ப்ராசஸ் எண் (பிஐடி) கொண்ட ஃபோல்டரில் மேப்ஸ் ஃபைலைத் திறந்து லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ வரிகளைப் பாருங்கள். வரியின் கடைசியில் டிலீட்டட் என்று இருந்தால் பழசு ஓடுகிறது. நீட்ரீஸ்டார்ட் கருவியும் இதையே மொத்த மெஷினுக்கும் பார்த்துச் சொல்லும்.

விண்டோ கேட்காமல் செய்ய வழி இருக்கிறது: மாஸ்டருக்கு யுஎஸ்ஆர்2 சிக்னல் அனுப்பினால் புது மாஸ்டர் எக்ஸெக் ஆகி, புது லைப்ரரியோடு எழும், லிசன் சாக்கெட்டை வாங்கிக்கொள்ளும். பழைய மாஸ்டரின் பிஐடி ஃபைல் ஓல்ட்பின் என்ற வாலோடு பெயர் மாறும். இரண்டும் சேர்ந்து ஓடும்போது பழைய மாஸ்டருக்கு டபிள்யுஐஎன்சிஎச் அனுப்பி அதன் ஒர்க்கர்களை மெதுவாக இறக்குங்கள். எரர் லாகைப் பாருங்கள். சரியாக இருந்தால் பழைய மாஸ்டருக்கு க்விட். சரியில்லையென்றால் பழையதற்கு எச்யுபி, புதியதற்கு க்விட், பழைய நிலைக்கே வந்துவிடலாம். வெப்சாக்கெட் கனெக்‌ஷன் இருந்தால் பழைய ஒர்க்கர்கள் மணிக்கணக்கில் சாகாமல் தொங்கும்; ஒர்க்கர் ஷட்டவுன் டைம்அவுட்டை முன்பே கான்ஃபிகில் போட்டு ஒரு ரீலோடு செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

அப்பாச்சிக்கு இந்த வசதி இல்லை. அதற்கு முழு ரீஸ்டார்ட்தான், லோட் பேலன்சரிலிருந்து ஒவ்வொரு சர்வராக எடுத்துச் செய்யுங்கள்.